மகன் கேட்ட வானம்



உங்கள் பிள்ளை உங்களிடம் ஒரு பொருளைக் கேட்கிறான். அதன் பெயரே உங்களுக்கு விளங்கவில்லை. விலையை விசாரித்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லவும் மனம் வரவில்லை. ‘வாங்கித் தருகிறேன்’ என்று வாக்களிக்கவும் துணிவு வரவில்லை. இத்தகைய இக்கட்டில் நீங்கள் அகப்பட்டதுண்டா? நான் அகப்பட்டேன். அதில் நான் செய்த பிழையையும், அப்பிழையால் கற்ற பாடத்தையும் உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சென்னைப் பெரியமேட்டில் தோல் வணிகம் செய்யும் நிறுவனமொன்றில் கணக்கெழுதுபவன். சொந்த ஊர் காயல்பட்டினம். முப்பது ஆண்டுகளாகப் பற்று, வரவு என்ற இரண்டு சொற்களுக்கு இடையிலேயே என் வாழ்நாள் கழிந்திருக்கிறது. கணினியைத் தட்டெழுத்துக்கும் கணக்குக்கும் பயன்படுத்துவேனே தவிர, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவனல்லன்.

என் மகனுக்குச் சிறு வயது முதற்கொண்டே விமானத்தின் மீது தீராத ஆசை. மீனம்பாக்கத்தில் தரையிறங்கும் விமானத்தின் ஒலியைக் கேட்டே அதன் வகையைச் சொல்லிவிடுவான். விமானியாக வேண்டும் என்பது அவன் கனவு. ஆனால் விமானிப் பயிற்சிக்குப் பல பத்து இலட்சம் ரூபாய் தேவை. என் வருமானத்தில் அது எட்டாக் கனி. அதை அவனும் அறிவான். ஆகவே விமானத்தை ஓட்டும் படிப்பை விட்டு, விமானத்தை அமைக்கும் பொறியியல் படிப்பில் சேர்ந்தான். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் துபாயிலிருந்து என் மச்சான் விடுமுறையில் வந்தார். அவருடன் பணியாற்றிய ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்ற கருவியொன்றை மருமகனுக்கென்று கொண்டு வந்தார். கண்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும் பெரிய கண்ணாடி போன்றது அது. ஹெட்செட் என்கிறார்கள். அதை அணிந்தால் நாம் இருக்கும் அறை மறைந்து, கணினி உருவாக்கும் வேறோர் உலகம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். தலையைத் திருப்பினால் அவ்வுலகமும் திரும்பும். இதைத்தான் விர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் உலகம், என்று அழைக்கிறார்கள்.

“வாப்பா, இதைப் போட்டுக்கொண்டு ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டினால் உண்மையான விமானி இருக்கையில் உட்கார்ந்ததைப் போலவே இருக்குமாம். உலகத்திலுள்ள விமான நிலையங்களெல்லாம் அதில் இருக்கின்றனவாம். ஆனால் அதற்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்” என்றான் மகன். கேட்கும்போதே அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கினான் என்பார்கள். என் நிலையோ தலைகீழானது. அங்குசம் இனாமாகக் கிடைத்துவிட்டது. யானையை வாங்க வேண்டியவன் நானானேன்!

நான் செய்த சிக்கனம்

ஊர் வீட்டின் கூரையைச் செப்பனிட நான் சேர்த்து வைத்திருந்தது ஐம்பதாயிரம் ரூபாய். என் மனைவி இரண்டாண்டுகளாகக் கட்டி வந்த சீட்டில் நாற்பதாயிரம் வந்தது. “பிள்ளை இதுவரைக்கும் என்ன கேட்டான்? இதையாவது செய்து கொடுங்கள்” என்று அப்பணத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். ஆக, தொண்ணூறாயிரம் ரூபாய்தான் எங்கள் எல்லை.

பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவில் நானும் அவனும் இரண்டு நாள்கள் நடந்தோம். சென்னைவாசிகள் அந்தத் தெருவை அறிவார்கள். கணினியின் உறுப்பு ஒவ்வொன்றும் அங்கே தனித்தனியாகக் கிடைக்கும். அப்போதுதான் கிராஃபிக்ஸ் கார்டு என்ற பொருளைப் பற்றி முதன்முதலாக அறிந்தேன். கணினித் திரையில் தெரியும் படங்களை வரைந்து கொடுப்பது அதன் வேலை.

அந்நாளில் அதன் விலை விஷமாக ஏறியிருந்தது. காரணங்கள் பல. கொரோனாக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. கணினிக்குத் தேவை பெருகிற்று. சிப் உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை. இது ஒருபுறமிருக்க, எத்தீரியம் என்னும் எண்மப் பணத்தை ஈட்டுவதற்காக இந்தக் கார்டுகளை நூற்றுக்கணக்கில் வாங்கி இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் 699 டாலர் என்று அறிவித்து வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 என்ற கார்டு அந்த விலைக்கு எளிதில் கிடைக்கவேயில்லை. அறிவித்த விலையைப் போல் இரு மடங்கு கேட்டார்கள்.

இந்நிலையில்தான் என் கணக்கு மூளை வேலை செய்தது. தெரிந்தவர் மூலமாக, பழைய கார்டு ஒன்று 24,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்தது. எண்மப் பணம் ஈட்டும் வேலையில் முன்பு ஓடிய கார்டு என்பது பின்னாளில் தெரிந்தது. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டியிலும் விலை மலிவானதையே தேர்ந்தெடுத்தேன். “கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எதற்கு அதிகப் பணம்?” என்பது என் வாதம். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்பு பேசாமல் இருந்துவிட்டான்.

மொத்தம் 82,000 ரூபாயில் வேலை முடிந்தது. எட்டாயிரம் மீதி! மனைவியிடம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பீரோவில் கிடைத்த உண்மை

அதன்பின் நான்கு மாதங்கள் ஓடின. அலுவலகத்திலிருந்து திரும்பியதும், “எப்படி இருக்கிறது உன் விமானம்?” என்று கேட்பேன். “நன்றாக இருக்கிறது, வாப்பா” என்பான். நானும் மகிழ்ந்து போவேன்.

2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குச் சில நாள்கள் முன்பு வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பீரோவின் மேல்தட்டில் பழைய கைலி ஒன்றில் சுற்றப்பட்ட பொட்டலத்தை என் மனைவி எடுத்துப் பிரித்தாள். உள்ளே அந்த ஹெட்செட்! பல வாரங்களாக யாரும் தொடாதது என்பதை அதன் மேலிருந்த தூசியே சொல்லிற்று.

மகனை அழைத்தேன்.

“இதைத் தொட்டு எத்தனை நாளாயிற்று?”

தலையைக் குனிந்துகொண்டான். “மூன்று மாதம் இருக்கும்.”

“ஓடவில்லையா?”

“ஓடுகிறது வாப்பா. ஆனால் போட்டுக்கொள்ள முடியவில்லை. பத்து நிமிடத்தில் வாந்தி வருகிறது. சில நாள்களில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடுகிறது.”

“இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

நெடுநேரம் கழித்து விடை வந்தது. “உம்மாவின் சீட்டுப் பணம், வாப்பா.”

வாசகர்களே! நான்கு மாதங்களாக ஒவ்வொரு மாலையும் அந்தப் பிள்ளை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். எங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். அவனைக் கண்டிப்பதா, கட்டியணைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் உம்மா மட்டும், “பணம் போனால் போகிறது, எங்களிடம் மறைக்கிற பழக்கம் வந்துவிடக் கூடாது, வாப்பா” என்று மெல்லச் சொன்னாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

அன்று இரவு நானே அதை அணிந்து பார்த்தேன். எதிரே விமானியின் அறை தெரிந்தது. ஆனால் ஈரத்துணி வழியாகப் பார்ப்பதைப் போல் தெரிந்தது. உயரத்தைக் காட்டும் கருவியிலுள்ள எண்கள் படிக்கும்படி இல்லை. தலையைத் திருப்பினேன். உலகம் உடனே திரும்பவில்லை. ஒரு கணம் தயங்கி, விட்டுவிட்டுத் திரும்பிற்று. வயிறு புரண்டது. ஐந்தே நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவச் சென்றேன். என் பிள்ளை இதை ஒரு மாதம் பொறுத்திருக்கிறான்!

பிழை எங்கே?

மறுநாள் நானும் அவனும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அவன் விவரங்களைச் சொல்லச் சொல்ல நான் கணக்கிட்டேன். அந்தக் கணக்கைப் பணம் கொடுப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்பார்கள். சாதாரணக் கணினித் திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 புள்ளிகள் இருக்கும். பெருக்கினால் சுமார் 20 இலட்சத்து 74 ஆயிரம். விநாடிக்கு 60 முறை இதை வரைந்தால் போதும். அதாவது விநாடிக்குச் சுமார் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள்.

எங்களிடமிருந்த ஹெட்செட்டிலோ ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் திரை. ஒவ்வொன்றிலும் 2160-க்கு 2160 புள்ளிகள். இரண்டும் சேர்ந்து 93 இலட்சத்துக்கு மேல். அத்துடன் முடிந்ததா? இல்லை! கண்ணருகே இருக்கும் வில்லைகள் படத்தை வளைத்துவிடுகின்றன. அந்த வளைவைச் சரிசெய்ய, கணினி முதலில் பெரிய படத்தை வரைந்து, பின்பு எதிர்வளைவு கொடுத்துச் சுருக்க வேண்டும். ஆகவே ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 3100-க்கு 3100 என்ற அளவில் வரைய வேண்டியிருக்கிறது. இரு கண்களுக்கும் சேர்த்து 1 கோடியே 92 இலட்சம் புள்ளிகள். இதை விநாடிக்கு 90 முறை வரைய வேண்டும். பெருக்கிப் பார்த்தேன்: விநாடிக்குச் சுமார் 173 கோடி புள்ளிகள்! சாதாரணத் திரைக்குத் தேவையானதைப் போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு. எங்கள் பழைய கார்டு சாதாரணத் திரைக்கென்று பிறந்தது. அதன் முதுகில் பதினான்கு மூட்டைகளை ஏற்றிவிட்டு, ‘ஓடு’ என்றால் எப்படி ஓடும்?

விநாடிக்கு 90 முறை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நம் உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு இருக்கிறது. தலை திரும்பியது என்று அது மூளைக்கு அறிவிக்கும் அதே நேரத்தில் கண்ணும் அதையே அறிவிக்க வேண்டும். படம் பிந்தினால் இரு சாட்சிகளும் முரண்படுகின்றன. மலைப்பாதைப் பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுகிறதல்லவா? அதே போன்றதுதான் இது. 90 முறை வரைய வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 11 மில்லி விநாடியே. எங்கள் கணினி விநாடிக்கு 25 படங்களைத் தாண்டவில்லை. மகனுக்கு வாந்தி வந்ததில் வியப்பென்ன?

புள்ளிகளைக் குறைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். குறைக்கலாம், ஆனால் எண்களைப் படிக்க முடியாது. நல்ல பார்வையுள்ள ஒருவர், பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குச் சுமார் 60 புள்ளிகள் வரை பிரித்தறிய வல்லவர். 2023இல் வெளியான மெட்டா குவெஸ்ட் 3 என்னும் ஹெட்செட் தருவது ஒரு பாகைக்கு 25. திரை கண்ணை ஒட்டி நிற்பதால் இலட்சக்கணக்கான புள்ளிகளும் விரிந்து பரந்து போய்விடுகின்றன. நூறு பாகை அகலத்துக்கு 60 வீதம் நிரப்ப வேண்டுமானால், பக்கத்துக்கு 6000 புள்ளிகள் தேவை. ஒரு கண்ணுக்கு மட்டும் 3 கோடியே 60 இலட்சம்! பக்கத்தின் அளவு இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓட்டப் பந்தயம்

இத்துறையின் வரலாற்றைப் பார்த்தால் இதுவோர் ஓட்டப் பந்தயம் என்பது விளங்கும். 1968ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்க அறிஞர் தலையில் அணியும் இத்தகைய கருவியை அமைத்துவிட்டார். கனம் மிகுந்த அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. பொதுமக்கள் வாங்கத்தக்க ஆக்குலஸ் ரிஃப்ட் 2016இல் 599 டாலருக்கு வந்தது. அதில் இரு கண்களுக்கும் சேர்த்து 26 இலட்சம் புள்ளிகள்கூட இல்லை. 2025இல் வெளிவந்த பைமாக்ஸ் கிரிஸ்டல் சூப்பர் என்பதில் ஒரு கண்ணுக்கே 3840-க்கு 3840. இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடி! ஒன்பது ஆண்டுகளில் பதினொரு மடங்குக்கு மேல்.

கண்ணாடி இவ்வளவு வேகமாக ஓடும்போது கார்டு பின்தங்கலாமா? அதுவும் ஓடுகிறது, விலையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-க்கு 1,599 டாலர். நம் நாட்டில் 1,55,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு 1,999 டாலர். இங்கே 2,14,000 ரூபாய். எங்கள் ஊர் வீட்டுக்குப் புதுக் கூரையே போட்டுவிடலாம்! அந்த ஒரு கார்டு மட்டும் 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஏழெட்டு மின்விசிறிகள் சுழல்வதற்குச் சமம். இழுத்த மின்சாரம் அவ்வளவும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்கும். சென்னையின் மே மாதத்தில் அதை நினைத்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்

கார்டின் விலையோடு கணக்கு முடிந்துவிடும் என்று எண்ணினால் அது என்னைப் போன்ற ஏமாளியின் எண்ணம். கணினி அடிக்கடி தானாக அணைந்ததற்குக் காரணம், நான் மலிவாக வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.தான். ஒரே கணத்தில் கார்டு கேட்ட மின்சாரத்தை அதனால் கொடுக்க இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் என்று நான் இகழ்ந்ததுதான் முதலில் காலை வாரிற்று.

அடுத்தது ப்ராசஸர். விமானப் பயிற்சி மென்பொருளில் காற்று, எடை, எஞ்சின், நிலப்பரப்பு ஆகிய அனைத்தையும் கணக்கிடுவது அதுவே. இவ்வேலையின் பெரும்பகுதி ஒரே வரிசையில் நடப்பதால், எத்தனை கோர்கள் இருந்தாலும் ஒன்றின் வேகமே முட்டுக்கட்டையாகிறது. கார்டு எவ்வளவு உயர்ந்ததாயினும், ப்ராசஸர் மெதுவானால் அது கைகட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பின்னர் கேபினட். புதிய கார்டுகளில் சில ஓர் அடி நீளத்தையும் தாண்டுகின்றன. பழைய பெட்டிக்குள் நுழைவதில்லை. பின்னர் ரேம். பின்னர் யு.பி.எஸ். எங்கள் வீட்டில் இருந்த சிறிய யு.பி.எஸ். இந்தச் சுமையைக் கண்டதும் அலறிவிட்டு ஓய்ந்தது.

மடிக்கணினியில் செய்துவிடலாமே என்று எண்ணுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. சில மடிக்கணினிகளில் வெளித்திரைக்கான துளை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். உயர்ந்த கார்டோடு இணைக்கப்பட்டிராது. அத்தகைய மடிக்கணினியில் சில ஹெட்செட்டுகள் இயங்கவே மாட்டா. வாங்கிய பின் இதைக் கண்டறிந்து பயன் என்ன?

இரண்டாவது முயற்சி

“இதை விற்றுவிடுவோம், வாப்பா. எனக்கு ஆசை போய்விட்டது” என்றான் மகன். ஆசை போனவனின் முகமா அது? நான் சொன்னேன்: “விற்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். இனி ஒவ்வொன்றாக வாங்குவோம். இந்த முறை நீ கணக்குப் போடு. நான் பணம் கொடுக்கிறேன்.”

ஒரு குறிப்பேடு போட்டான். மாதா மாதம் விலைகளைக் குறித்து வந்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துத் தன் பங்குக்கும் பணம் சேர்த்தான். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகளை ஓட்டி அதை ஈட்டும் தொழில் அன்றோடு முடிந்தது. அந்த ஆண்டிலேயே ஏறியிருந்த விலைகள் இறங்கிவந்தன.

முதலில் 750 வாட் தரமான எஸ்.எம்.பி.எஸ். 8,500 ரூபாய். பின்பு விசாலமான கேபினட் 5,000. பின்பு 32 ஜிபி ரேம் 7,000. ப்ராசஸருக்கு மதர்போர்டையும் மாற்ற வேண்டுமோ என்று அஞ்சினேன். ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட 5800எக்ஸ்3டி என்ற ப்ராசஸர் எங்களிடமிருந்த பழைய மதர்போர்டிலேயே பொருந்தும் என்று மகன் கண்டறிந்தான். அதனுள் 96 எம்பி கேஷ் நினைவகம் இருப்பதால் விமானப் பயிற்சி மென்பொருளுக்கு மிகவும் ஏற்றது. 28,500 ரூபாய். கடைசியாக, 2023இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டு 62,000 ரூபாய். மொத்தம் 1,11,000. பழைய கார்டை அதன் குறைகளையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லி 9,000 ரூபாய்க்கு விற்றோம்.

முதலில் போட்ட 82,000-த்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் எங்கள் வீட்டிலிருந்து போனது 1,84,000 ரூபாய். தொடக்கத்திலேயே நிதானித்திருந்தால் இதில் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும். ஊர் வீட்டின் கூரை மேலும் இரண்டு மழைக்காலங்களுக்கு ஒழுகிற்று.

இவ்வளவுக்குப் பிறகாவது எல்லாம் கைகூடிற்றா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முழுமையாக இல்லை. புள்ளிகளின் அளவைச் சற்றுக் குறைத்தே ஓட்டுகிறான். சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். என்ற உத்தியைத் துணைக்கு வைத்திருக்கிறான். கணினி 45 படங்களை வரைய, இடையில் வர வேண்டிய 45 படங்களை முந்திய படங்களைக் கொண்டு ஊகித்து நிரப்பும் வழியும் இருக்கிறது. அதில் விமானத்தின் சுழல்விசிறி மட்டும் நீரில் ஆடும் நிழலைப் போல நெளிகிறது. ஆனால் எண்களைப் படிக்க முடிகிறது, வாந்தி வருவதில்லை. அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் நாள் அவன் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஓட்டினான். ஹெட்செட்டில் அவன் காணும் காட்சி, மேசை மேலிருந்த சாதாரணத் திரையிலும் தெரிந்தது. எண்பது வயதைக் கடந்த என் தாயார் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்கள். வாழ்நாளில் விமானம் ஏறாதவர்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அமைக்கப்பட்ட கடற்கரை திரையில் நகர்ந்தது. “இது தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். இதோ நம்ம ஊர்க் கடற்கரை” என்றான் பேரன்.

என் தாயார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக் கூரை தெரிகிறதா, வாப்பா?” என்று கேட்டார்கள்.

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு அந்தக் கூரையைச் செப்பனிட்டுவிட்டோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குச் சில சொற்கள்

இத்தகைய ஆசையுள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பட்டவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

முதலாவது, ஹெட்செட்டின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அதை இயக்கும் கணினியின் விலை அதைப் போல் இரண்டு, மூன்று மடங்காக இருக்கும். கணினி இல்லாமலேயே தனித்து இயங்கும் ஹெட்செட்டுகளும் உண்டு. பிள்ளையின் தேவை அதிலேயே நிறைவேறுமானால் அங்கேயே நின்றுவிடுவது நலம்.

இரண்டாவது, வாங்குவதற்கு முன் எங்கேனும் அரை மணி நேரம் அணிந்து பார்க்கச் செய்யுங்கள். எவ்வளவு நல்ல கருவியாயினும் சிலருக்குத் தலைச்சுற்றல் வரத்தான் செய்கிறது. அதைப் பணத்தால் மாற்ற முடியாது.

மூன்றாவது, வாங்கும் பொருளின் ஆயுள் அதைச் செய்தவர் கையிலும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்னும் ஏற்பாட்டைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியும்விட்டது. அதை நம்பியிருந்த நல்ல நிலையிலுள்ள ஹெட்செட்டுகள் அப்பதிப்புக்கு மாறியதும் இயங்காமற் போயின. ஆகவே பழைய ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அது இன்றைய விண்டோஸில் இயங்குமா என்று முதலில் கேளுங்கள்.

நான்காவது, விலை எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 2022இல் கார்டுகளின் விலை இறங்கிற்று. 2025இன் இறுதி மாதங்களிலோ, செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினிக் கூடங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேமின் விலை தாறுமாறாக ஏறிற்று. நாங்கள் ஏழாயிரம் கொடுத்து வாங்கியதை அந்த விலைக்கு அப்போது கேட்டிருந்தால் கடைக்காரர் சிரித்திருப்பார். இன்றே வேண்டும் என்பவன் அதிக விலை கொடுக்கிறான். விலையைக் குறித்துக்கொண்டு காத்திருப்பவன் குறைவாகக் கொடுக்கிறான்.

ஐந்தாவதைத்தான் நான் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு பொருளை வாங்கிக் கொடுக்கும்போது, அதற்காக நாம் பட்ட சிரமத்தை அவன் தலையில் ஏற்றி வைத்துவிடாதீர்கள். நான் வாயால் சொல்லவில்லை. ஆயினும் மீதி எட்டாயிரத்தை அவன் கண் முன்னே எண்ணிக் கொடுத்து மகிழ்ந்தேனல்லவா? அதைப் பார்த்த பிள்ளை, ‘இது சரியில்லை’ என்று எப்படிச் சொல்லுவான்? அந்த எட்டாயிரம் ரூபாய்ச் சிக்கனம், நான்கு மாதங்கள் என் மகனைப் பொய் சொல்ல வைத்தது. என் பேரேட்டில் நான் எழுத மறந்த பற்று அதுதான்.

இப்போது அவன் படிப்பை முடித்துவிட்டு, விமானப் பராமரிப்புப் பணியொன்றில் பயிற்சி பெற்று வருகிறான். வீட்டுக்கு வந்தால் சில வேளை ஹெட்செட்டை எடுத்து அணிந்துகொள்கிறான். “எப்படி இருக்கிறது உன் விமானம்?” என்று நான் இன்றும் கேட்பதுண்டு.

“மேகம் வந்தால் கொஞ்சம் திக்குகிறது, வாப்பா” என்பான்.

அந்த விடை எனக்குப் போதும்.